இலகு குதிரைப்படையின் வளைவாள்

1796-இல் பிரிட்டிஷ் இலகு குதிரைப்படைக்கென ஜான் காஸ்பார் லெ மார்ச்சன்ட் வடிவமைத்த வாள் பார்க்கவே அழகு. நன்றாக வளைந்து, நுனியை நெருங்க நெருங்க அகலும் அலகு. ஓடும் குதிரையிலிருந்து வீசி வெட்டுவதற்கென்றே பிறந்தது. நெப்போலியன் போர்க்காலத்தில் பிரஷ்யர்களும் இதே பாணியில் வாள் செய்துகொண்டார்கள்.

இரும்பு உறைதான் அதற்கு எமன். உருவும்போதும் செருகும்போதும் உரசிக் கூர் மழுங்கிவிடும். ஹைதராபாத் நிஜாமின் குதிரைவீரர்களோ, பிரிட்டிஷார் கழித்துப்போட்ட பழைய அலகுகளையே சாணை பிடித்து மர உறையில் வைத்தார்கள். சண்டையில் மட்டுமே உருவினார்கள். அந்த வெட்டின் வீச்சை 1853-இல் வெளியான தம் நூலில் வியந்து எழுதினார் பிரிட்டிஷ் குதிரைப்படை அதிகாரி கேப்டன் நோலன்.

வாளை வடித்தவர்கள் ஆங்கிலேயர்கள். அதன் அருமை தெரிந்து பேணியவர்கள் தக்காணத்துக் குதிரைவீரர்கள்.