தவறுகளின் ஒழுங்கு: கையடக்கக் கேமராவில் அன்றாடச் சோதனைகள்

1963இல் அமெரிக்காவில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. கோடக் நிறுவனம் இன்ஸ்டமேடிக் கேமராவைக் கடைக்குக் கொண்டுவந்தது. ஃபிலிம் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைபட்டே வந்ததால், ரோல் மாட்டத் தெரியாது என்று யாரும் ஒதுங்க வேண்டியிருக்கவில்லை. அதே ஆண்டில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஜான் சார்கோவ்ஸ்கி, ழாக் ஆன்ரி லார்டீக் என்ற பிரெஞ்சுக்காரரின் படங்களைக் காட்சிக்கு வைத்தார். 1894இல் பிறந்த லார்டீக் தன்னை ஓவியராகவே கருதியவர். படிக்கட்டிலிருந்து தாவும் உறவுக்காரப் பெண், அண்ணன் கட்டிய பறக்கும் பொறி என்று, சிறுவயதில் வீட்டு ஆல்பத்துக்காக எடுத்த படங்கள்தான் அந்தச் சுவர்களில் தொங்கின. கேமரா எல்லோர் கைக்கும் வந்த காலத்திலேயே, வீட்டு விளையாட்டும் கலைதான் என்ற ஒப்புதலும் வந்து சேர்ந்தது.

ஆனாலும் ‘அழுத்தினால் போதும்’ வகைக் கேமராவை வைத்து வீட்டிலும் தெருவிலும் சோதனை செய்து பார்த்தவர்களைப் பற்றிப் புகைப்பட வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை. அவை பெரிய கேமராக்களையும் பெரிய பெயர்களையும் சுற்றியே நகர்கின்றன. எளிய கேமரா யோசிக்கத் தேவையில்லாதவர்களுக்கானது என்ற எண்ணமும் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்தக் கேமரா தவறு செய்யும்; ஆனால் ஒரே சூழலில் ஒரே தவறைத்தான் செய்யும். அந்த ஒழுங்கைக் கண்டுகொண்டவருக்கு அது ஒரு சோதனைச்சாலை.

1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்ற முதல் கோடக் கேமராவில் 100 படங்களுக்கான ஃபிலிம் இருந்தது. எடுத்து முடித்ததும் கேமராவையே நிறுவனத்துக்கு அனுப்பிவிட வேண்டும். 1900இல் ஒரு டாலர் விலையில் பிரவுனி வந்தது. 1977இல் கோனிகா சி35 ஏஎஃப் தானே ஃபோகஸ் செய்யும் கேமராவாகச் சந்தைக்கு வந்தது. இந்தியாவில் நடுத்தரக் குடும்பங்களுக்கு இந்த வரிசை வேறு பெயர்களில் அறிமுகம்: இங்கேயே தயாரான ஆக்ஃபா கிளிக் III, பிறகு விளம்பரங்களால் வீட்டுப் பெயராகிவிட்ட ஹாட்ஷாட், அதன்பின் கோடக் கேபி10. கறுப்பு வெள்ளைக்கு ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ ஃபிலிமும் இருந்தது.

கிளிக் III ஒரு ரோலில் 12 சதுரப் படங்கள் தரும். வெயிலுக்கு ஒரு குறி, மேகமூட்டத்துக்கு ஒரு குறி. மற்றபடி நாம் மாற்றக்கூடியது அதிகமில்லை. 12 படம் என்றால் ஒவ்வொன்றும் காசு. கல்யாணம், காதுகுத்து, பழனி பயணம் என்று ரோல் செலவாகும். 1965இல் பியர் பூர்தியூ சகாக்களுடன் வெளியிட்ட ஆய்வு, சாதாரண மக்களின் புகைப்படப் பழக்கம் குடும்பச் சடங்குகளோடு பிணைந்தது என்று காட்டியது. பிரான்சை வைத்து அவர் சொன்னது நம் ஆல்பங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

ஆனால் அந்த ஆய்வின் வலையில் சிக்காத ஓர் இடம் நம் வீடுகளில் இருந்தது: ரோலின் கடைசி. “இன்னும் ரெண்டு மூணு படம் பாக்கி இருக்கு, எதையாவது எடுத்து முடிச்சுடு, கழுவக் கொடுக்கணும்” என்று பெரியவர்கள் கேமராவைப் பிள்ளைகளிடம் கொடுப்பார்கள். அப்போது எடுக்கப்பட்டவைதான் செம்பருத்தி, நாய், டிவித் திரை, கண்ணாடி முன் தன் உருவம், மேலே ஓடும் மின்விசிறி. யாரும் கேட்காத, சடங்குக்கு உதவாத படங்கள். பிரிண்ட் வந்ததும் ஆல்பத்தில் இடம் கிடைக்காமல் கவரிலேயே தங்கிப்போனவை. தமிழ் வீடுகளின் புகைப்படச் சோதனைகளை யாராவது தேடப் புறப்பட்டால் அந்தக் கவர்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கொஞ்சம் துணிந்தவர்கள் இரட்டை வேடம் எடுத்தார்கள். பழைய பெட்டிக் கேமராக்களில் ஃபிலிமைச் சுற்றாமலே மறுபடி ஷட்டரை அழுத்தலாம். லென்ஸின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒருவரை இடப்பக்கம் நிறுத்தி ஒரு அழுத்து. அட்டையை மறுபாதிக்கு மாற்றி, அதே ஆளை வலப்பக்கம் நிறுத்தி இன்னொரு அழுத்து. கேமரா இம்மியும் அசையாதிருந்தால், தன்னோடு தானே சீட்டாடும் மாமா கிடைப்பார். 1940இல் பி. யு. சின்னப்பா நடித்த ‘உத்தம புத்திரன்’ முதல் இரட்டை வேடத்தைத் திரையில் ரசித்துப் பழகியவர்களுக்கு, அந்த வித்தையை வீட்டு முற்றத்தில் செய்து பார்க்க ஆசை வந்ததில் வியப்பில்லை.

மேற்கில் இந்தச் சோதனைகள் கலையுலகத்தின் கண்ணில் பட்டன. ஹாங்காங்கில் 1960களில் தயாரான டயானா, பிளாஸ்டிக் லென்ஸ் கொண்ட மலிவுக் கேமரா. ஓரங்கள் மங்கும், உள்ளே வெளிச்சம் கசியும். அதைக் கொண்டே நான்சி ரெக்ஸ்ரோத் 1977இல் ‘அயோவா’ என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். 1982இல் ஹாங்காங்கிலிருந்தே ஹோல்கா வந்தது. செய்திப் புகைப்படக்காரர் டேவிட் பர்னெட் 2000ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் அல் கோரின் கூட்டத்தை ஹோல்காவில் எடுத்துப் பரிசு பெற்றார். 1990களின் தொடக்கத்தில் வியன்னா மாணவர்கள் சிலர் சோவியத் தயாரிப்பான லோமோ எல்சி-ஏ கேமராவைக் கண்டெடுத்து ஓர் இயக்கமாகவே வளர்த்தார்கள். குறி பார்க்காமல் எடு, யோசிக்காமல் எடு என்பது அந்த இயக்கத்தின் போக்கு. எனக்கு ரெக்ஸ்ரோத்தின் வழிதான் உயர்ந்ததாகப் படுகிறது. டயானாவின் லென்ஸ் எந்த இடத்தில் எப்படி மங்கும் என்று அவர் அறிந்திருந்தார். மங்கலை வேண்டிய இடத்தில் வைத்தார். தற்செயலை மட்டும் நம்புகிறவருக்கு ஆயிரத்தில் ஒரு படம் அமையும். ஆனால் அது ஏன் அமைந்தது என்று தெரியாமலே போகும்.

டிஜிட்டல் கேமரா வந்ததும் ரோலின் கடைசி என்ற எல்லை கரைந்தது. எல்லாப் படமும் ‘பாக்கிப் படம்’ ஆகிவிட்டது. செலவில்லை, அழுத்திய மறுநொடி விடை தெரிகிறது. 2000க்குப் பிறகான பத்தாண்டுகள் இந்தத் துறையின் பொற்காலம் என்று தயங்காமல் சொல்வேன்.

வாசல் கோலத்தை எடுத்துப் பார்த்தால் அன்றாடச் சோதனையின் அடிப்படை புரிந்துவிடும். தெளித்த ஈரத்தில் தரை கறுத்திருக்கும், கோலம் வெள்ளை. காணும் காட்சி எல்லாம் சராசரியாக நடுச்சாம்பல் நிறத்தில்தான் இருக்கும் என்ற கணக்கோடு கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. கறுத்த தரை பெரும்பகுதியை அடைத்திருப்பதால், இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டும். தரை வெளிறும், கோல இழைகள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கூடை நிறைய மல்லிகையை எடுத்தால் இதற்கு நேரெதிர்: வெள்ளை மிகுதி என்று வெளிச்சத்தைக் குறைத்து, பூவைப் பழைய வேட்டி நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். இந்தக் கேமராக்களில் ஷட்டர் வேகத்தை நேரடியாகத் தொட வழியில்லை. ஆனால் பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்தால் வெளிச்சக் கணக்கு அந்த இடத்தில் பூட்டிக்கொள்ளும். ஆகவே பக்கத்துச் சிமென்ட் படியை நோக்கிப் பாதி அழுத்தி, பிடித்தபடியே கோலத்துக்குத் திரும்பி முழுதாக அழுத்த வேண்டும். ஃபோகஸும் கூடவே பூட்டிக்கொள்வதால், படியும் கோலமும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து கேமரா சொன்னபடி கேட்கத் தொடங்கும். நிறத்தையும் இப்படி ஏமாற்றலாம். வெள்ளைக் காகிதத்தைக் காட்டி நிறச்சமன் செய்யச் சொல்லும் வசதி இருந்தால், வெளிர்நீலத் துணியைக் காட்டுங்கள். அந்த நீலத்தையே வெள்ளை என்று நம்பி, மேகமூட்டமான காலையையும் மஞ்சள் வெயிலாக்கித் தரும்.

இன்னொரு கொடை உணர்சில்லின் (சென்சாரின்) அளவு. இந்தக் கேமராக்கள் பலவற்றில் அது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் அகலம்தான். பழைய 35 எம்எம் ஃபிலிமின் படச்சட்டமோ 36 மில்லிமீட்டர். சில் சிறியதென்பதால் லென்ஸின் குவியத்தூரமும் 6 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் ஃபோகஸ் வைத்தால், ஒன்றரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவு. பின்னணியை மங்கலாக்க முடியவில்லை என்று குறைப்படுவோர் உண்டு. பூச்சி எடுப்பவர்களுக்கு இதுதான் வரம். மேக்ரோ வசதியில் சில மாதிரிகள் 1 சென்டிமீட்டர் வரை நெருங்கும். வெல்லத் துணுக்கை இழுக்கும் எறும்பு, அதன் பின்னால் அடுப்பங்கரை, அதற்கும் பின்னால் ஜன்னல் என்று மூன்றும் ஒரே படத்தில் அடையாளம் தெரியும்படி விழும். எறும்பு வாழும் வீடும் சேர்ந்து தெரிவதால், பெரிய கேமராவின் அழகான மங்கலைவிட இதில் எனக்குச் செய்தி அதிகமாகப் படுகிறது.

லென்ஸ் சிறியதாக இருப்பது வேறொரு வழியையும் திறந்தது. பைனாகுலரின் கண்ணாடியோடு லென்ஸை ஒட்டிப் பிடித்தால் நிலவின் பள்ளங்கள் வரை எட்டலாம். மலேசியப் பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ 1990களின் இறுதியில் நிக்கான் கூல்பிக்ஸ் கேமராவைத் தொலைநோக்கியோடு சேர்த்து எடுத்த பறவைப் படங்கள், உலகம் முழுக்க ஒரு புதுப் பழக்கத்துக்கு வித்திட்டன.

இரவுக்கு 15 நொடித் திறப்பு சில கேமராக்களில் உண்டு. முக்காலி வேண்டாம், துவரம்பருப்புப் பொட்டலத்தின் மேல் கேமராவைப் பதித்து, இரண்டு நொடி டைமர் வைத்துவிட்டால் கை நடுக்கம் படத்துக்குள் வராது. தீபாவளி இரவில் கம்பி மத்தாப்பைச் சுழற்றிப் பெயர் எழுதும் பிள்ளைகளை இப்படி எடுத்தால் எழுத்து வரும், பிள்ளை மறைந்துவிடும். கேமராவைப் பார்த்து எழுதுவதால் எழுத்தும் இடவலம் மாறி விழும். கடைசி நொடியில் ஒரு டார்ச்சை முகத்தில் சற்றே காட்டினால் எழுதிய பிள்ளையும் கிடைக்கும்.

டிவி ரிமோட்டைக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால் திரையில் அதன் முனை ஊதாவாக மின்னும். உணர்சில் அகச்சிவப்பைப் பார்க்கிறது என்பதற்குச் சாட்சி. அதைத் தடுக்கும் கண்ணாடித் துண்டை உள்ளிருந்து அகற்றி, பழைய கேமராக்களை அகச்சிவப்புக் கேமராக்களாக மாற்றியவர்கள் உண்டு. இலைகள் அந்த ஒளியைப் பெரிதும் எதிரொளிப்பதால், மரங்கள் படத்தில் பனி பூத்ததுபோல நிற்கும். அமெரிக்காவின் ‘பப்ளிக் லேப்’ அமைப்பு இதை அழகோடு நிறுத்தாமல், பயிரின் நலம் பார்க்கும் மலிவுக் கருவியாக வளர்த்தது.

அந்த வட்டத்தினர் 2010இல் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவின்போது செய்த வேலைக்கு இந்தத் துறையில் நான் முதலிடம் தருவேன். குளிர்பானப் புட்டியை வெட்டிக் கூடாக்கி அதற்குள் சாதாரணக் கேமராவை வைத்தார்கள். பொத்தான் அழுந்தியே இருக்க ஒரு சிறு துண்டையும் ரப்பர் பேண்டையும் மாட்டினார்கள். தொடர்ந்து படமெடுக்கும் நிலையில் அதை பலூனிலும் காற்றாடியிலும் கட்டி உயர அனுப்பி, கறை படிந்த கடற்கரையை உள்ளூர் மக்களே வரைபடமாக்கினார்கள். கேனன் கேமராக்களுக்கோ ஆர்வலர்கள் எழுதிய ‘சிஎச்டிகே’ என்ற மென்பொருள் கிடைத்தது. மெமரி கார்டிலிருந்தே இயங்கும். குறித்த இடைவெளியில் தானே படமெடுக்கும். 2009 செப்டம்பரில் எம்ஐடி மாணவர்கள் ஏ470 என்ற எளிய கேனனை இப்படி அமைத்து, தெர்மோகோல் பெட்டியில் வைத்து வானிலை பலூனில் ஏற்றினார்கள். சுமார் 150 டாலர் செலவில், ஏறக்குறைய 28 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பூமியின் வளைவு பதிவானது.

கேமராவைப் பிறர் கையில் கொடுத்தவர்களின் கிளையும் உண்டு. சீனாவின் யுன்னான் மாநிலக் கிராமப் பெண்களிடம் 1990களில் கேரலின் வாங்கும் மேரி ஆன் பர்ரிஸும் கேமரா கொடுத்தார்கள். கொல்கத்தா சோனாகாச்சிப் பிள்ளைகளிடம் சானா பிரிஸ்கி கொடுத்தார். ஆனால் சோதனை என்ற வகையில் வெண்டி எவால்டின் கென்டக்கிப் பள்ளிப் பிள்ளைகள்தான் என்னை ஈர்க்கிறார்கள். இன்ஸ்டமேடிக்கைக் கொடுத்து, உங்கள் கனவுகளைப் படமெடுங்கள் என்றார் அவர். இல்லாத ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் உடன்பிறந்தவர்களை நடிக்க வைக்க வேண்டும், இடம் தேட வேண்டும், வெளிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டும். கேமராவில் மாற்ற எதுவும் இல்லாததால் பிள்ளைகள் உலகத்தை மாற்றி அமைத்தார்கள்.

தொழில்முறையாளர்களும் இந்தக் கேமராவைத் தேடி வந்தார்கள். ஜப்பானின் டைடோ மொரியாமா ரிக்கோ ஜிஆர் வரிசையோடு தெருவில் திரிந்தார். மேக்னம் புகைப்படக்காரர் அலெக்ஸ் மஜோலி காங்கோவிலும் ஈராக்கிலும் ஒலிம்பஸ் கையடக்கக் கேமராக்களை நம்பினார்.

2010இல் லென்ஸ் கழற்ற முடியாத டிஜிட்டல் கேமராக்கள் உலகெங்கும் 10 கோடிக்கு மேல் அனுப்பப்பட்டன. 2023இல் அது 20 லட்சத்துக்கும் கீழே. கைப்பேசி அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. கைப்பேசி ஒரு அழுத்தத்துக்குப் பல படங்களை எடுத்துக் கலந்து, கோலத்தையும் தரையையும் தானே சமன்செய்து நீட்டுகிறது. படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது என்ன கணக்குப் போட்டது என்று நமக்குத் தெரிவதில்லை. அடுத்த புதுப்பிப்பில் கணக்கும் மாறிவிடுகிறது. அதனிடம் சோதனை செய்து கற்பது கடினம். இப்போது இளைஞர்கள் பீரோவில் கிடந்த பழைய டிஜிட்டல் கேமராக்களைத் தேடி எடுப்பதை வெறும் பழமை மோகம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பாதி அழுத்திப் பிடிப்பதை அவர்களில் சிலராவது கண்டுபிடிப்பார்கள்.

அந்தப் பழைய கேமராக்களில் கிடக்கும் கோப்புகளுக்கு அவசரமாகச் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. 1995இல் உருவான எக்ஸிஃப் முறைப்படி, ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஷட்டர் வேகம், துவாரம், குவியத்தூரம், ஃபிளாஷ் எரிந்ததா இல்லையா, தேதி, நேரம் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. எடுத்தவர் அறியாமலே எழுதப்பட்ட சோதனைக் குறிப்பேடு அது. எந்த மாலையில், எத்தனை முறை திருத்தி, எந்தத் திறப்பில் அந்த எறும்பு கிடைத்தது என்று அதிலிருந்து வரிசையாகப் படித்துவிடலாம். வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது இந்தக் குறிப்புகள் உதிர்ந்துவிடுகின்றன; ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் தங்குகின்றன. பேட்டரி உப்பிய கேமராவைத் தூக்கிப் போடுமுன் கார்டைக் கழற்றி, அசல் கோப்புகளை அப்படியே நகலெடுத்து வையுங்கள். மங்கியவை, வெந்துபோனவை, ஒரே பொருளைப் பத்து முறை எடுத்தவை உட்பட.