யாரை நோக்கி ஜெபிக்கிறோம்?

கி.பி. 375-ஐ ஒட்டிய காலம். இன்று துருக்கியில் கைசேரி என்று வழங்கும் செசரியா நகரத்தின் ஆயர் பசிலியார், மக்களோடு சேர்ந்து ஜெபிக்கும்போது துதியை இரண்டு விதமாகச் சொல்லி வந்தார். சில வேளை ஆவியில், குமாரன் வழியாகப் பிதாவுக்கு மகிமை செலுத்தினார். வேறு சில வேளை குமாரனோடும் ஆவியோடும் சேர்த்தே பிதாவுக்கு மகிமை செலுத்தினார். கூட்டத்தில் இருந்த சிலருக்கு இது பிடிக்கவில்லை. இரண்டாவது முறை புதுப்பழக்கம் என்றார்கள்; முதலாவதோடு முரண்படுகிறது என்றும் குறை சொன்னார்கள். ஆவியானவரைப் பிதாவுக்குச் சமமாக வைத்து வணங்கலாமா என்பதுதான் அவர்களுடைய உண்மையான கேள்வி.

இக்கோனியும் நகர ஆயரான ஆம்பிலோக்கியு இதைத் தெளிவுபடுத்தும்படி கேட்க, பசிலியார் எழுதிய பதில்தான் ‘பரிசுத்த ஆவியைப் பற்றி’ என்ற நூல். முப்பது சிறு அத்தியாயங்கள். குமாரன் ‘வழியாக’, ஆவி‘யில்’ என்று சொல்லும்போது, இறைவனின் அருள் நம்மிடம் வரும் பாதையையும் நாம் அவரிடம் போகும் பாதையையும் சொல்கிறோம். குமார‘னோடு’, ஆவி‘யோடு’ என்று சொல்லும்போது அவர்களுக்கு உரிய மாட்சியைச் சொல்கிறோம். ஒன்று நம் நிலையைப் பேசுகிறது, மற்றது அவர்கள் நிலையைப் பேசுகிறது. இரண்டும் வேண்டும் என்பது அவர் வாதம். ஞானஸ்நானம் எந்த மூன்று பெயரில் பெற்றோமோ அதன்படியே விசுவாசிக்க வேண்டும், விசுவாசிக்கிறபடியே துதிக்க வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறார். ஆவியானவரை ‘கடவுள்’ என்று நேரடியாகப் பெயரிடுவதை நூல் முழுக்கத் தவிர்த்துவிட்டு, அவரை வணங்குவது தகும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். 379-இல் அவர் மறைந்தார். இரண்டு ஆண்டு கழித்துக் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கமும் அதே வழியில்தான் போனது: பிதாவோடும் குமாரனோடும் கூடத் தொழப்படுகிறவர், மகிமைப்படுத்தப்படுகிறவர் என்றே ஆவியானவரை அறிக்கையிட்டது. இன்றும் உலகமெங்கும் ஞாயிறுதோறும் அந்த விசுவாசப் பிரமாணம் சொல்லப்படுகிறது.

இதிலிருந்து ஒன்றைத் துணிந்து சொல்லலாம். திரித்துவக் கோட்பாடு வகுப்பறையில் பிறக்கவில்லை. மக்கள் ஏற்கெனவே எப்படி ஜெபித்துக்கொண்டிருந்தார்களோ, அதற்கு உண்மையாக இருக்கும் முயற்சியில் பிறந்தது. ஜெபத்தைக் கழித்துவிட்டு அதைப் பேசப் போனால் மூன்று எப்படி ஒன்றாகும் என்ற கணக்கு மட்டுமே கையில் மிஞ்சும். கடந்த நூறு ஆண்டு இறையியல் இந்த உண்மையை மெல்ல மெல்ல மீட்டெடுத்திருக்கிறது.

புதிய ஏற்பாட்டில் ‘திரித்துவம்’ என்ற சொல் கிடையாது. இலத்தீனில் அதை வழக்குக்குக் கொண்டுவந்தவர் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜில் எழுதிக்கொண்டிருந்த தெர்த்தூலியன். ஆனால் சொல் வருவதற்கு வெகுமுன்பே அந்த ஜெபம் இருந்தது. கடவுள் ஒருவரே என்று தினமும் அறிக்கையிட்டு வளர்ந்த யூதர்கள்தாம் முதல் கிறிஸ்தவர்கள். அவர்களில் ஒருவரான ஸ்தேவான் கல்லெறிபட்டுச் சாகும்போது தன் ஆவியை ஏற்றுக்கொள்ளும்படி இயேசுவை வேண்டினார். 112-ஐ ஒட்டி, ஆட்சியாளர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று குறிப்பிட்டார். விசாரணை நடத்திய ஒரு ரோமானியர் வெளியிலிருந்து பார்த்துச் சொன்ன சாட்சி அது.

உள்ளிருந்து வரும் சாட்சிகளில் மிக ஆழமானது பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் எட்டாம் அதிகாரம். அதைப் படிக்கும்போது யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். நமக்கு ஜெபிக்கத் தெரியாது என்பதில்தான் பவுல் தொடங்குகிறார். தெரியாத நமக்குள் ஆவியானவர் சொல்லில் அடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுகிறார். இதயங்களை ஆராயும் பிதா அந்தப் பெருமூச்சின் பொருளை அறிகிறார். எட்டு வசனம் தள்ளி, பிதாவின் வலப்பக்கத்தில் இருக்கும் கிறிஸ்துவும் நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று வருகிறது. ஜெபிக்கிறவனுக்குள்ளே ஒருவர், அவனுக்காக மேலே ஒருவர், கேட்பவர் ஒருவர். இவன் வாய் திறக்கும் முன்பே பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. ‘அப்பா, பிதாவே’ என்று கூப்பிடும் உரிமையும் இவனுடையதல்ல, குமாரனுடையது. அந்த அழைப்பைக் கெத்செமனேயில் இயேசு பயன்படுத்தினார் என்று மாற்கு எழுதுகிறார். அதே அழைப்பை ஆவியானவர் நம் வாயில் வைக்கிறார் என்கிறார் பவுல்.

ஞாயிறு பள்ளிகளில் திரித்துவத்தை விளக்க ஓர் உவமை சொல்வார்கள்: நீர், பனிக்கட்டி, நீராவி. ஒரே பொருள், மூன்று நிலை. பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும். ஆனால் மூன்றாம் நூற்றாண்டில் சபேல்லியுஸ் பெயரால் அறியப்பட்டு, திருச்சபை விலக்கிய கருத்து இதுதான். கெத்செமனேயை நினைத்தால் போதும். பனிக்கட்டி நீராவியிடம் மன்றாடுமா? ஒருவரே மூன்று வேடம் போடுகிறார் என்றால், இரத்தத்துளிபோல வேர்வை சிந்த அந்த இரவில் நடந்த ஜெபம் வெறும் காட்சியாகிவிடும். நல்ல எண்ணத்தோடு சொல்லப்பட்டாலும் இந்த உவமையைக் கைவிடுவதே நல்லது.

ஆதித் திருச்சபை எல்லாவற்றிலும் ஒரே குரலில் பேசியதாக எண்ண வேண்டாம். ஓரிகன் 230-களில் எழுதிய ‘ஜெபத்தைப் பற்றி’ நூல், முழுமையான பொருளில் ஜெபம் பிதாவுக்கு மட்டுமே உரியது, கிறிஸ்துவின் வழியாக அதை ஏறெடுக்கலாம், அவரை நோக்கி அல்ல என்று வாதிடுகிறது. அவருடைய பிரசங்கங்களிலேயே இயேசுவை விளித்த மன்றாட்டுகள் இருப்பதும் உண்மை. 393-இல் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போவில் கூடிய சங்கம், பலிபீடத்தில் நிற்கும்போது ஜெபம் எப்போதும் பிதாவை நோக்கியே இருக்க வேண்டும் என்று விதித்தது. விதிக்க வேண்டி வந்தது என்பதாலேயே, வேறு விதமாகவும் ஜெபித்தார்கள் என்று தெரிகிறது.

இதற்கிடையில் ஆரியுஸ் தொடங்கிவைத்த தகராறு வந்தது. குமாரன் படைக்கப்பட்டவர் என்றார் அவர். 325-இல் நிசேயா சங்கம் அதை மறுத்தது. ஆரியுஸை எதிர்த்து எழுதிய அத்தனாசியாரின் வாதத்தில் பலமான பகுதி வழிபாட்டைத் தொட்டது. குமாரன் படைப்பு என்றால், அவரைத் தொழும் நீங்கள் படைப்பைத் தொழும் புறமதத்தாருக்குச் சமம் அல்லவா என்று அவர் கேட்டார். தொழுகையை விட முடியாது, ஆகவே கோட்பாட்டைத் திருத்திக்கொள்ளுங்கள் என்பதே அதன் சாரம்.

பசிலியாரின் தம்பி நிசா கிரகோரியார், மூவரும் தனித்தனியே செயல்படுவதில்லை, ஒவ்வொரு செயலும் பிதாவில் தொடங்கி, குமாரன் வழியாக நடந்து, ஆவியில் நிறைவேறுகிறது, ஆகவே மூன்று கடவுள் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார். அகுஸ்தினார் பல ஆண்டுகள் உழைத்து ‘திரித்துவம்’ என்ற பதினைந்து பாகப் பெருநூலை எழுதினார். மனித மனத்தின் நினைவு, அறிவு, சித்தம் ஆகியவற்றில் திரித்துவத்தின் சாயலைத் தேடிய நூல் அது. மேற்கத்தியரின் தனிமனித ஆன்மிகத்துக்கு அவரே காரணம் என்று பழி போடுவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. அந்தப் பெருநூல் ஒரு ஜெபத்தில்தான் முடிகிறது.

ஜெபத்துக்கும் திரித்துவத்துக்கும் இடையிலான பிளவு பின்னால் வந்தது. அக்குவினாவின் தோமா தம் ‘இறையியல் சுருக்க’த்தில் ஒரே கடவுளைப் பற்றி முதலில் பேசி முடித்துவிட்டு, அதன்பின் திரித்துவத்துக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த பாடநூல்களில் இந்த வரிசை சுவராக இறுகிவிட்டது. ஜெபம் ஒரு பக்கம், திரித்துவம் மறுபக்கம். 1967-இல் இறையியலாளர் கார்ல் ரானர் இதை வெளிப்படையாகச் சொன்னார்: கிறிஸ்தவர்கள் நடைமுறையில் வெறும் ஏகக்கடவுள்வாதிகளாகவே வாழ்கிறார்கள், திரித்துவம் பொய் என்று நாளைக்கே நீக்கிவிட்டாலும் பெரும்பாலான பக்தி நூல்களை மாற்ற வேண்டியிருக்காது. கத்தோலிக்க இறையியலை உலுக்கிய வாக்கியம் அது.

அதற்கு முன்பே, 1925-இல், இயேசு சபைக் குரு யோசெப் யுங்மன், வழிபாட்டு ஜெபத்தில் கிறிஸ்துவின் இடம் என்ன என்று ஆராய்ந்தார். ஆரியுஸை எதிர்க்கும் வேகத்தில் குமாரனின் தெய்வீகத்தை அழுத்திச் சொல்லப் போய், நம் பக்கத்தில் நின்று நம்மோடு ஜெபிக்கும் மத்தியஸ்தரான கிறிஸ்து மங்கிப்போனார், அந்த வெற்றிடத்தைப் புனிதர்கள் நிரப்பினார்கள் என்பது அவர் முடிவு. பின்வந்த ஆய்வாளர்கள் இதை அப்படியே ஏற்கவில்லை. சிரியப் பாரம்பரியத்தில், முக்கியமாக அப்போஸ்தலர் தோமா இந்தியா வந்த கதையைச் சொல்லும் ‘தோமாவின் நடபடிகள்’ நூலில், ஆரியுஸுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே கிறிஸ்துவை நேரடியாக விளிக்கும் ஜெபங்கள் நிறைய உண்டு. யுங்மன் காட்டிய வரலாறு கொஞ்சம் அதிகமாகவே நேர்கோடாக இருக்கிறது. ஆனாலும் அவர் தொட்ட நோய் உண்மையானது.

அந்த நோய்க்கு எளிய மருந்து எழுதியவர் ஸ்காட்லாந்து இறையியலாளர் ஜேம்ஸ் டாரன்ஸ். 1996-இல் வந்த அவருடைய சிறு நூல் இரண்டு வகை வழிபாட்டைப் பிரித்துக் காட்டுகிறது. ஒன்றில் நாம் பாடுகிறோம், ஜெபிக்கிறோம், காணிக்கை போடுகிறோம். எல்லாம் நம் முயற்சி. வாயால் திரித்துவம் சொன்னாலும் அங்கே மத்தியஸ்தருக்கு வேலை இல்லை. மற்றதில், குமாரன் பிதாவோடு கொண்டிருக்கும் உறவில் ஆவியானவரால் நாம் பங்கு பெறுகிறோம். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நம் ஊர்ப் போதகர் ‘இயேசுவின் மூலம் ஜெபிக்கிறோம் நல்ல பிதாவே’ என்று முடிக்கும்போதும், திருப்பலியில் குருவானவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திப் பிடித்து, கிறிஸ்து வழியாக, கிறிஸ்துவோடு, கிறிஸ்துவில், ஆவியின் ஒன்றிப்பில் பிதாவுக்குப் புகழ் செலுத்த மக்கள் உரக்க ஆமென் சொல்லும்போதும் நடப்பது இந்த இரண்டாவது வகை. ஜெபிக்கவே தெம்பில்லாத நோயாளிக்கு இதைவிட ஆறுதலான உபதேசம் இல்லை. அவருக்குப் பதிலாக ஏற்கெனவே ஜெபம் நடக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்னொரு அலையும் எழுந்தது. இறையியலாளர்களான மோல்ட்மன் 1980-இலும் சிசியூலாஸ் 1985-இலும் எழுதிய நூல்கள், மூவரின் உறவையே மனித சமூகத்துக்கும் திருச்சபைக்கும் முன்மாதிரியாக வைத்தன. சமத்துவத்தை விரும்புகிற எவருக்கும் இது இனிக்கும். ஆனால் கேரன் கில்பி 2000-இல் எழுதிய கட்டுரை எழுப்பிய கேள்விக்குச் சரியான பதில் இன்னும் வரவில்லை என்றே நினைக்கிறேன்: நமக்குப் பிடித்த சமூகத்தைக் கடவுள்மேல் ஏற்றிவைத்துவிட்டு, அதையே கடவுளிடமிருந்து பெற்றதாகச் சொல்கிறோமா?

திரித்துவத்தை மறுத்தவர்களும் ஜெபத்தை முன்வைத்தே மறுத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. 1795-இல் சென்னையில் திரித்துவமில்லாக் கிறிஸ்தவ சபையைத் தொடங்கிய வில்லியம் ராபர்ட்ஸ் ஒரு தமிழர். பிதா ஒருவரையே தொழ வேண்டும் என்ற அவருடைய நேர்மையான ஆவல், ஓரிகன் எழுப்பிய கேள்விக்கு வெகுதூரத்தில் இல்லை.

காவிரிக் கரையில் குளித்தலை அருகே 1950-இல் மோன்சானினும் அபிஷிக்தானந்தரும் தொடங்கிய சச்சிதானந்த ஆசிரமம் வேறொரு வாசலைத் தட்டியது. சத், சித், ஆனந்தம் என்ற மூன்றில் பிதா, குமாரன், ஆவியைக் கண்டு தியானித்தார்கள். வங்கத்தில் பிரம்மபாந்தவ் உபாத்யாயா 1898-இலேயே சச்சிதானந்தத்தைத் துதித்துக் கிறிஸ்தவப் பாடல் இயற்றியிருந்தார். மௌனத்துக்கும் உள்முகத் தியானத்துக்கும் இந்த மரபு கொடுத்த ஆழத்தை நன்றியோடு ஏற்க வேண்டும். ஆயினும் சத்தும் சித்தும் ஒன்றையொன்று ‘நீர்’ என்று அழைப்பதில்லை. இயேசு பிதாவை அழைத்தார். அந்த அழைப்பு இல்லாமல் திரித்துவம் இல்லை.

அண்மைக்கால ஆய்வுகளில் என்னை மிகவும் கவர்ந்தது சாரா கோக்லி 2013-இல் வெளியிட்ட நூல். ரோமர் எட்டாம் அதிகாரத்தை மையமாக வைத்து, ஜெபத்தில் ஆவியானவரின் அனுபவமே திரித்துவச் சிந்தனைக்கு முதல் வாசல் என்று அவர் வாதிடுகிறார். பரவச ஜெபத்தைக் கண்டு ஆதித் திருச்சபை பயந்ததால் அந்த வாசல் ஓரங்கட்டப்பட்டது என்றும் காட்டுகிறார். நூலகத்தோடு அவர் நின்றுவிடவில்லை. இங்கிலாந்தின் வடபகுதியில் அந்நிய பாஷையில் ஜெபிக்கும் சபையாரிடம் நேரில் போய்ப் பேசி, ஜெபத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டு எழுதினார்.

நம் இறையியல் கல்லூரி மாணவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். தமிழ்நாட்டுப் பெந்தெகொஸ்தே சபைகளின் முழு இரவு ஜெபத்துக்கும், கத்தோலிக்கத் தியான இல்லங்களுக்கும், சிற்றூர் ஜெப வீடுகளுக்கும் போய் உட்காருங்கள். அங்கே யார் யாரை விளிக்கிறார்கள், எப்போது பிதாவிடமிருந்து இயேசுவுக்கும் ஆவியானவருக்கும் திரும்புகிறார்கள் என்று பொறுமையாகக் கேட்டு எழுதுங்கள். தமிழில் திரித்துவத்தைப் பற்றி இனி எழுதப்படும் நல்ல புத்தகம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.