அணையும் அதைச் சுற்றிய கதையும்

திராட்சைக் கொடிகளுக்குப் பெயர் பெற்ற நமது ஓடைப்பட்டியிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் மாணவர் சிலர், தாங்கள் தொகுத்த ஆண்டு மலரை நம்மிடம் தந்து மதிப்புரை வேண்டினர். அதில் நம்மை ஈர்த்தது, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக் பற்றிய கட்டுரை. நடை தெளிவானது, நன்றியுணர்வு மெய்யானது. அவ்வணை இல்லையேல் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் ஏது? அந்த நன்றியில் நாம் குறை காணவில்லை. குறை வேறிடத்தில் உள்ளது.

அணையின் உயரம் 142 அடி என்கிறது கட்டுரை. அது 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த நீர்மட்டம், அணையின் உயரமன்று. சிறு பிழைதானே எனலாம். ஆனால் 2011 டிசம்பரில் குமுளி எல்லை கொந்தளித்ததைக் கண்டவர்கள் நாம். ஆராயப்படாத ஒரு சொல், அண்டை மாநிலத்து எளியவரின் கடையையும் வயிற்றையும் சுடும் என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

மதுரையில் பென்னிகுயிக் வாழ்ந்த இல்லத்தை இடித்தே நூலகம் எழுந்தது என்பது அடுத்த கூற்று. 2021-இல் இப்பேச்சு எழுந்தபோதே அரசுத் தரப்பு மறுத்தது: அவர் மறைந்தது 1911 மார்ச் 9, அக்கட்டடம் எழுந்ததோ அதற்குப் பின், 1912-13-இல். இரண்டு ஆண்டுகளை அருகருகே எழுதிப் பார்த்திருந்தால் போதும், கட்டுரையாளரே தம் வரியை அடித்திருப்பார்.

பணம் தட்டுப்பட்டபோது அவர் இங்கிலாந்திலிருந்த சொத்தை விற்று அணையை முடித்தார் என்பது மூன்றாவது. ஆதாரம் "பலரும் கூறுவர்" என்பது மட்டுமே. நாமும் ஒரு பொங்கல் விழாவில் இதையே சொல்லிக் கைத்தட்டல் பெற்றோம்; எனவே கல்லெறியும் தகுதி நமக்கில்லை. அணை சென்னை மாகாண அரசின் திட்டம். பென்னிகுயிக்கே 1897-இல் அதுபற்றிக் கட்டுரை படைத்தார்; பொறியாளர் மக்கென்சி 1899-இல் திட்டத்தின் வரலாற்றை நூலாக்கினார். சொத்து விற்றதாக எழுதுமுன் இவற்றைப் புரட்டியிருக்க வேண்டாமா?

இதில் இன்னொரு இழப்பும் உண்டு. ஒருவரின் தியாகத்தைப் பெரிதாக்கும் ஆர்வத்தில், காட்டுக் காய்ச்சலுக்கு இரையான கூலித் தொழிலாளர் கட்டுரையில் ஒரு வரிகூடப் பெறவில்லை. அவர்களும் நம் வயலுக்கு நீர் தந்தவர்களல்லரோ?

கண்ணால் கண்டோரிடமிருந்து வந்ததை ஆய்ந்தறிந்தே எழுதத் துணிந்தவர் லூக்கா. மாணவ எழுத்தாளர்க்கும் அதுவே நெறி: யார் சொன்னார், எப்போது சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும் என மூன்று வினாக்களைத் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள். விடை கிட்டாத வரியை நீக்குங்கள். அதனால் பென்னிகுயிக்கின் புகழ் குறையாது. மெய்யான அணையே அதற்குச் சான்றாக நிற்கிறது. அடுத்த மலரில் திருத்தம் ஒன்றை வெளியிடுவதாக மாணவர்கள் நம்மிடம் கூறிச் சென்றனர். மலரின் மிகச் சிறந்த பக்கம் அதுவாகவே இருக்கும்.