கூடிவாழ்தலும் உரையாடலும்: போன்ஹோஃபரின் நூலொன்றைப் பற்றி ஒரு மதிப்பீடு

டீட்ரிச் போன்ஹோஃபர் 1935-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் அறிக்கைத் திருச்சபைக்கென ஒரு குருத்துவப் பயிற்சியகத்தை ஏற்று நடத்தத் தொடங்கியபோது, மாணவர்க்கு விதித்த ஒழுங்குகளுள் ஒன்று இன்றும் பலரால் நினைவுகூரப்படுகிறது. உடனில்லாத சகோதரனைப் பற்றி எவனும் பேசலாகாது. பேசிவிட நேர்ந்தால், பேசியதை அவனிடமே சென்று சொல்லிவிடவேண்டும் என்பதே அது. இவ்விதி பன்முறை மீறப்பட்டது. ஆயினும் மீறியதினாலும், மீண்டும் உறுதிகொண்டதினாலும் தாங்கள் கற்றது, பிரசங்கங்களினாலும் வேத வியாக்கியானத்தினாலும் கற்றதற்கு ஏறத்தாழ ஈடானது என்று மாணவர் பின்னாளில் கூறியதாக, அவருடைய மாணவரும் நண்பரும் வரலாற்றாசிரியருமான எபர்ஹார்டு பெத்கே எழுதியிருக்கிறார்.

இப்பயிற்சியகம் பால்டிக் கடலோரத்துச் சிங்ஸ்ட் என்னுமிடத்தில் தொடங்கி, சில வாரங்களிலேயே ஸ்டெட்டின் நகரையடுத்த ஃபின்கென்வால்டேக்கு மாறியது. 1937-ஆம் ஆண்டு செப்டம்பரில் நாட்சி அரசின் இரகசியப் போலீசார் அதை மூடி முத்திரையிட்டனர். மறு ஆண்டு, கெட்டிங்கனிலிருந்த தம் சகோதரி சபீனாவின் வீட்டில் தங்கி, நான்கே வாரங்களில் போன்ஹோஃபர் அவ்வாழ்வைப் பற்றி எழுதிய சிறு நூல் 1939-இல் வெளிவந்தது. ‘கூடிவாழ்தல்’ எனத் தமிழிற் சொல்லத்தக்க அந்நூலை, கலைக்கப்பட்ட ஒரு வீட்டின் நினைவாக எழுதப்பட்டது என்பதை மறவாமல் படித்தல்வேண்டும்.

நூலின் நான்காம் அதிகாரமே இங்கு நம் ஆய்வுக்குரியது. சீடருக்குள்ளே தங்களில் யார் பெரியவன் என்ற யோசனை எழும்பிற்று என்னும் லூக்கா 9:46-ஐ முகப்பில் நிறுத்தி, இவ்வெண்ணம் நுழையாத கூட்டம் பூமியில் இல்லை என்று காட்டுகிறார் ஆசிரியர். அதற்கு மாற்றாக அவர் கூறும் ஊழியங்களுள் முதலாவது நாவடக்கம். சங்கீதம் 50:20, யாக்கோபு 4:11, எபேசியர் 4:29 ஆகிய வசனங்கள் இதற்கு ஆதாரமாகின்றன. தீய எண்ணத்திற்குச் சொல்லுருவம் மறுக்கப்படுமானால் அது மடிந்துபோகும் என்பது அவர் கருத்து. சகோதரனை ஓயாது அளந்துபார்க்கும் பழக்கம் ஒழிந்தபின்பே, அவனை நம் விருப்பப்படி வனைய முயலாமல், கர்த்தர் படைத்தபடியே நிற்க விடுகிறோம் என்கிறார். பிறர் பேச்சுக்குச் செவிகொடாதவன் தேவனுடைய வார்த்தைக்கும் செவிகொடாதவனாவான் என்பது பின்னர் வரும் பகுதி. பேசுவதே தொழிலாகக் கொண்ட நம்மவர்க்கு இதனினும் கூரிய எச்சரிக்கை வேறில்லை. ஒருவர் பேசி முடிக்குமுன்னே மறுமொழியை ஆயத்தப்படுத்திக்கொண்டு, பாதிச் செவியோடு கேட்டுக்கொண்டிருக்கும் போதகரை நாம் அறியாதவர்களல்லர். கண்ணாடியில் அவரைக் கண்டவர்களும் நம்மிற் சிலராவது உண்டு.

இவ்வளவும் ஒப்புக்கொள்ளத்தக்கதே. ஆயின் நூலை முழுதும் படித்துமுடிக்கும் வாசகனுக்கு ஒரு வினா எழுகிறது. இவ்வீட்டில் இருபதுக்கும் மேற்பட்ட இளைஞர் உண்டு உறங்கி வாழ்ந்தனரே. அவர்கள் ஜெபத்திற்கும் பாடத்திற்கும் பாவ அறிக்கைக்கும் அப்பால் ஒருவரோடொருவர் எதைத்தான் பேசிக்கொண்டனர்? நூல் இதைப் பற்றி ஏறத்தாழ ஒன்றும் கூறவில்லை. பந்தியில் ஒருமித்து உண்பது பண்டிகைத் தன்மையுடையது என்று அழகாகச் சொல்லும் ஒரு பகுதி உண்டு, அவ்வளவே.

பெத்கே எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு 1967-இல் வெளிவந்தபின்பே ஃபின்கென்வால்டேயின் மறுபக்கம் தெரியவந்தது. அங்கே பியானோ இசை இருந்தது. நியூயார்க்கில் போன்ஹோஃபர் சேகரித்த, கறுப்பின மக்களின் ஞானப்பாடல் இசைத்தட்டுகள் ஒலித்தன. மேசைப்பந்து ஆடினர், அதில் ஆசிரியர் மாணவருக்கு எளிதில் தோற்பவரல்லர். நல்ல வெயில் அடிக்கும் நாளில் வகுப்பை நிறுத்திவிட்டு, மாணவரோடு காட்டுக்கோ கடற்கரைக்கோ புறப்பட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகள் விளையாட்டுக்குரியன. அந்த வீட்டைப் பிணைத்தவற்றுள் இவையும் அடங்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் நூலில் இவற்றுக்கு இடமில்லாமற்போயிற்று.

இது மறதியன்று, கோட்பாட்டின் விளைவு என்பதே எம் துணிபு. முதலதிகாரத்தில் ஆசிரியர் ஆவிக்குரிய அன்பையும், நம் பழைய திருப்புதலின் சொல்லாற் கூறின், ‘ஜென்மசுபாவமான’ அன்பையும் கடுமையாகப் பிரிக்கிறார். பின்னது பிறனைத் தன்பொருட்டு நேசிக்கிறது. முன்னது கிறிஸ்துவின்பொருட்டு நேசிக்கிறது. இருவர்க்கிடையே நேரடியான வழியில்லை. கிறிஸ்துவே நடுவே நிற்கிறார். தலைவன் ஒருவன்மேல் கொண்ட வெறியையே ஐக்கியம் என்று கோடிக்கணக்கான மக்கள் நம்பியிருந்த ஜெர்மனியில் இப்பிரிவினை எத்துணைத் தேவையாயிருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கோடு இவ்வளவு அழுத்தமாகக் கீறப்படும்போது, ஒரே இசையை விரும்பும் இருவர், ஒரே நூலைப் படித்த இருவர், அதைப் பற்றி மாலை நேரத்தில் மகிழ்ந்து பேசுவதும்கூட ஐயத்திற்குரியதாய்விடுகிறது. கார்ல் பார்த் 1936-ஆம் ஆண்டிலேயே ஃபின்கென்வால்டேயின் தியான ஒழுங்குகளில் துறவுமட வாடை வீசுவதாகத் தம் கடிதமொன்றில் குறைகூறினார். அக்குறை ஃபின்கென்வால்டே வாழ்வைக் காட்டிலும் பின்னர் வந்த நூலுக்கே பொருந்துகிறது.

பாடலைப் பற்றிய பகுதி இதற்குச் சான்று. சபையார் ஒரே குரலில், ஒரே இராகத்தில் பாடவேண்டும் என்கிறார் போன்ஹோஃபர். தன் பாஸ் குரலையோ ஆல்ட்டோ குரலையோ எல்லாரும் வியக்கவேண்டுமெனத் தனித்துப் பாடுவோர் ஒருமையைக் கெடுப்பவர் எனக் கண்டிக்கிறார். நம் பாடகர் குழுக்களில் நான்கு பகுதிகளாகப் பாடிப் பழகியோர் இவ்விடத்தில் நூலை மூடிவைத்துவிடவும் கூடும்! கண்டனத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் பலகுரல் இசை அனைத்தும் தற்புகழ்ச்சியன்று. ஆல்ட்டோ பாடுகிறவள் பிறர் குரலைக் கேட்டாலன்றித் தன் குரலை நிறுத்த இயலாள். செவிகொடுத்தலைப் போற்றிய ஆசிரியர் இதனைக் காணாதது வியப்பே.

ஆனால் அவர் காணாமலே போகவில்லை. 1943-ஆம் ஆண்டு ஏப்ரலில் கைதாகி, பெர்லினின் தேகல் சிறையில் அடைக்கப்பட்டபின் அவர் பெத்கேக்கு எழுதிய கடிதங்களில் வேறொரு குரல் கேட்கிறது. போர்ப்பணியிலிருந்த பெத்கே, கடிதமும் சந்திப்பும் உறவினருக்கே உரியனவாய் இருப்பதையும், நட்பு எவ்வளவு நெருங்கியதாயினும் அதற்கு ஒருவகை உரிமையும் கிட்டாததையும் குறித்து வருந்தியிருந்தார். 1944-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாளிட்ட விடையில் போன்ஹோஃபர் இதனை இறையியல் வினாவாகவே எடுத்துக்கொள்கிறார். திருமணம், வேலை, அரசு, திருச்சபை ஆகிய தெய்வ கட்டளைகளுக்குள் நட்பை அடக்க இயலாது. அது கலை, கல்வி, விளையாட்டு ஆகியவற்றோடு சேர்ந்து சுயாதீனத்தின் வெளியில் வளர்வது. தானிய வயலில் நீலப்பூவைப் போன்றது. இச்சுயாதீன வெளியை மீண்டும் கண்டுகொள்ளத் திருச்சபையே வழிசெய்யக்கூடும் என்றும் அவர் எண்ணுகிறார். அதே ஆண்டு மே 20-ஆம் நாள் எழுதிய கடிதமோ இன்னும் தெளிவானது. தேவன்மேல் கொண்ட அன்பு இசையின் அடிப்படை இராகம் போன்றது. அது உறுதியாய் ஒலிக்குமானால், இவ்வுலக அன்புகள் எதிர்க்குரல்களாய்த் தடையின்றி விரியலாம் என்கிறார். ஒருகுரலை வற்புறுத்தியவர் ஆறாண்டுகளுக்குள் பலகுரலின் இறையியலுக்கு வந்துசேர்ந்திருக்கிறார்.

‘கூடிவாழ்தல்’ நூலை மட்டும் பாடமாகக் கொள்வோர், சிரிப்பும் ஊர்ச்செய்தியும் கதையும் நுழையாத பேச்சே ஐக்கியத்துக்குரிய பேச்சு என முடிவுகட்டிவிடுதல் எளிது. மாணவர் விடுதியில் பந்தாட்டத்தைப் பற்றிய பேச்சு எழுந்தால் முகஞ்சுளிக்கும் மூத்தோர் இன்றும் உளர். எம்மாவு வழியில் நடந்த இருவரோடு சேர்ந்துகொண்ட உயிர்த்த கர்த்தர், போதிக்குமுன் அவர்கள் எதைப் பேசிக்கொண்டு நடக்கிறார்கள் என்றே முதலிற் கேட்டார் (லூக்கா 24:17). தாம் நன்கறிந்த செய்தியை அவர்கள் வாயாற் சொல்லக் கேட்டு நடந்தார். இப்பகுதியைப் பிரசங்கிக்கும் நாம் வேதவாக்கியங்களை விளக்கின வசனத்திற்கு விரைந்து செல்வதன்றி, இக்கேள்வியில் தங்குவது அரிது. தம் சபையாரின் விளைச்சலைப் பற்றியும், பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றியும் உளமார விசாரிக்கத் தெரியாத ஆயரிடம், துன்பநாளில் அவர்கள் வாய்திறப்பார்களா என்பதை அனுபவமுள்ளோர் சொல்லட்டும்.

ஆகவே இந்நூலைப் போதிக்கும் ஆசிரியர் தேகல் கடிதங்கள் இரண்டையும் உடன்வைத்துப் போதிப்பாராக. ஒன்றை மட்டும் இங்குக் குறிக்கவேண்டும். நட்புக்குரிய வெளியைக் கடிதங்கள் திறந்துவிடுகின்றனவேயன்றி, அவ்வெளியில் நடக்கும் இனிய பேச்சு எவ்விடத்தில் பிறன் பெயரைத் தின்னும் பேச்சாக மாறுகிறது என்பதை அவை ஆராயவில்லை. நண்பர் இருவர் மனமொத்துப் பேசும்போதன்றோ மூன்றாமவன் பெயர் எளிதாக நாவில் வருகிறது! அவ்விடத்தில் நாம் 1935-ஆம் ஆண்டின் விதிக்கே திரும்பவேண்டியிருக்கிறது.