மூச்சும் பங்கேற்பும்: 'ஆஸ்மோஸ்' பற்றிய ஓர் ஆய்வு

கலையை நுகர்வோன் அதன் ஆக்கத்திலும் பங்கு கொள்ளுதல் கூடுமோ என்னும் வினா பழையது. மெய்ந்நிகர்க் கலை தோன்றிய பின்னர் அவ்வினா புதிய வலிமை பெற்றுள்ளது. இக்கலையில் காண்போன் படத்தின் முன் நிற்பதில்லை, படத்தினுள்ளே புகுகின்றான். அவன் திரும்பினால் காட்சியும் திரும்புகின்றது. ஆதலின் அவனும் படைப்பாளனே எனக் கூறுவாருளர். இக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதைக் கனடா நாட்டுக் கலைஞர் ஷார் டேவிஸ் உருவாக்கிய 'ஆஸ்மோஸ்' என்னும் படைப்பினைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முன்னர் ஓவியராக விளங்கிய டேவிஸ் அம்மையார், இப்படைப்பினை 1995ஆம் ஆண்டு மாண்ட்ரியால் நகரின் தற்காலக் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைத்தார். பங்கேற்போர் கண்களை மறைக்கும் காட்சிக் கருவியைத் தலையில் அணிவர். நெஞ்சு விரிந்து சுருங்குவதை அளக்கும் அங்கியை மார்பில் அணிவர். மூச்சை உள்ளிழுப்பின் மேலெழுவர், வெளிவிடின் கீழிறங்குவர், உடலைச் சாய்த்த திசையில் செல்வர். அம்மையார் கடலில் மூழ்கிப் பெற்ற பட்டறிவே இவ்வமைப்புக்கு வித்தாயிற்று. காடு, இலையின் உள்ளிடம், குளம், நிலத்தின் அடி எனப் பல உலகங்கள் அங்கே விரிகின்றன. மரங்கள் திண்ணியன அல்ல. அவற்றின் ஊடே புகுந்து செல்லலாம். ஏறத்தாழ 15 நிமிடங்களில் அவ்வுலகம் தானே அகன்று மறைகின்றது.

இங்குக் கைகளுக்கு வேலை இல்லை என்பது கருதத்தக்கது. சுட்டுதல், பற்றுதல், செலுத்துதல் ஆகிய கைவினைகளை நம்பியே அக்காலத்து மெய்ந்நிகர்க் கருவிகள் பல இயங்கின. அவற்றை அம்மையார் வேண்டுமென்றே விலக்கினார். கை பொருளை ஆள முற்படும். மூச்சோ ஆள நினைப்பார்க்கு முழுதும் அடங்குவதன்று. உள்ளத்து உணர்ச்சி உடலின்கண் புலப்படுதலைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்னும். ஈண்டு அந்நெறி தலைமாறி நிற்கின்றது. உடலின் மூச்சு காட்சியை மாற்ற, அக்காட்சி உள்ளத்தை மாற்றுகின்றது.

எனினும் பங்கேற்போரைப் படைப்பாளர் எனல் பொருந்தாது. செல்லும் வழி அவருடையது, உலகம் அவருடையதன்று. அவர் விட்டுவந்த சுவடு எதனையும் அடுத்து வருவோர் அங்குக் காண்பதில்லை. பாடலைப் பாடுவோன் அதனை இயற்றியவன் ஆகான்; ஆயினும் அவன் மூச்சின்றிப் பாடல் ஒலியாவதில்லை. பங்கேற்போரின் நிலை பாடுவோன் நிலையை ஒத்தது.

மற்றொன்றும் கூறல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவரே இவ்வுலகினுள் புகுதல் இயலும். ஏனையோர் இருண்ட கூடத்தில் அமர்ந்து, அவர் காணும் காட்சியை ஒரு திரையிலும், அசையும் அவர் நிழலுருவை மற்றொரு திரையிலும் காண்பர். அவரோ இவர்களைக் காணார். எனவே பங்கேற்பு என்பதற்குக் கூட்டுணர்வு எனப் பொருள் கொள்வோர் இப்படைப்பினைச் சான்றாகக் காட்டல் இயலாது. ஆயினும், உடல் துறந்த பயணம் என மயங்குவார்க்கு, உடலின்றி அக்காட்சி இல்லை என்பதனை அந்நிழலே உணர்த்திவிடுகின்றது.

இதனால் நாம் பெறும் அளவுகோல் ஒன்றுண்டு. மெய்ந்நிகர்ப் படைப்பொன்றில் காண்போன் எத்துணைப் பொருள்களை மாற்ற இயலும் என்று எண்ணிப் பார்த்தல் கருவியின் ஆற்றலை அளப்பதாகும். அவன்பால் எத்தகைய கவனத்தை அப்படைப்பு வேண்டிப் பெறுகின்றது என்று நோக்குதலே கலையை அளப்பதாகும். 'ஆஸ்மோஸ்' பங்கேற்போனிடம் வேண்டுவது அமைந்த மூச்சு ஒன்றே. அச்சிறு செயலைக் கலைநுகர்ச்சியின் வாயிலாக்கியதே அதன் சிறப்பு எனத் துணியலாம்.