எலும்பில் ஊன்றும் திருகு: பயிற்சியின் பலமும் குறையும்

ஒரு பல்லை நகர்த்தப் பிரயோகிக்கும் விசைக்குச் சமமான எதிர்விசையை வேறொரு பல் தாங்கியே தீரவேண்டும் என்பதனால், முன்பற்களைப் பின்னுக்கு இழுக்க முயன்ற பல் சீரமைப்பு வைத்தியர்கள், அசையலாகாதென்று தாம் நம்பியிருந்த கடைவாய்ப்பற்களே முன்னோக்கி நகர்ந்து வருவதைக் கண்டு நெடுங்காலம் வருந்தினார்கள். தலையைச் சுற்றி அணியும் ஹெட்கியர் இதற்கொரு பரிகாரமாக இருந்ததெனினும், நாள்தோறும் பல மணி நேரம் அதைப் பொறுமையோடு அணியும் நோயாளிகள் அரியவர்களே. 1983ஆம் ஆண்டில் கிரீக்மோரும் எக்லண்டும் மேல்தாடை எலும்பில் ஓர் உலோகத் திருகைச் செலுத்தி, அதையே பற்றுக்கோடாகக் கொண்டு முன்பற்களை மேலேற்றிக் காட்டினர். 1997இல் ஜப்பானியரான கனோமி 1.2 மில்லிமீட்டர் விட்டமே உள்ள திருகை விவரித்த பின்னர், ‘மினி ஸ்க்ரூ’ என்று வைத்தியர்கள் சொல்லும் இந்தத் தற்காலிகச் சாதனம் உலகெங்கும் பரவலாயிற்று.

நம் நாட்டில் மூன்றாண்டு எம்.டி.எஸ். படிப்பு முடித்தவர்களும் இந்த வித்தையைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ள இரண்டு மூன்று நாள் பயிற்சி வகுப்புகளை நாடுகிறார்கள். அவ்வகுப்புகளை நான் அலட்சியமாக எண்ணவில்லை. பன்றியின் தாடை எலும்பை மேசைமேல் வைத்து, கைத்திருப்புளியால் திருகை ஊன்றிப் பார்க்கும்போது, வெளி எலும்பின் கடினமும், அதைத் தாண்டியதும் உண்டாகும் நெகிழ்ச்சியும், மணிக்கட்டு சற்றே ஆடினாலும் துளை அகன்று திருகின் பிடி தளர்ந்துவிடுவதும் விரல்களுக்கே புலனாகின்றன. எந்தச் சொற்பொழிவும் இந்த ஞானத்தைத் தராது.

ஆயினும் உயிரற்ற எலும்புக்கு வேதனை இல்லை. மேல்தாடையில் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லுக்கும் முதற் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே 1.5 மில்லிமீட்டர் திருகைச் செலுத்தி இருபுறமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் எலும்பு எஞ்ச வேண்டுமானால், வேர்களுக்கிடையே 3.5 மில்லிமீட்டர் இடம் தேவை. அது எல்லா வாயிலும் கிட்டுவதில்லை. மரப்பூசியை அளவோடு மட்டும் செலுத்தினால், திருகு வேரை நெருங்கும்போது நோயாளி முகஞ்சுளிப்பதே முதல் எச்சரிக்கையாகும். அந்த எச்சரிக்கையைப் படிக்கும் பழக்கம் மேசைமேல் கைகூடாது.

இதனினும் பெரிய குறை காலம் பற்றியது. திருகுகள் பெரும்பாலும் ஊன்றிய அன்றே தோற்பதில்லை. ஈறு வீங்கியோ, எலும்பு தளர்ந்தோ, வாரங்களும் மாதங்களும் கழிந்தபின் அசையத் தொடங்குகின்றன. 4,987 திருகுகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளிவந்த கட்டுரை, 13.5 சதவீதம் தோல்வி என்று கணித்தது. தைவானின் கிறிஸ் சாங் குழுவினர் கீழ்த்தாடையின் பக்கவெலும்பில் ஊன்றிய 1,680 திருகுகளில் 7.2 சதவீதமே தோற்றன என்று 2015இல் எழுதினர். அது முதிர்ந்த அனுபவத்தின் கணக்கு; முதல் திருகை ஊன்றப்போகிறவர் அதைத் தமக்கும் உரிய கணக்காகக் கொள்வது பேதைமை. வகுப்போ, தோல்வி தலைகாட்டும் முன்பே சான்றிதழ் வழங்கிக் கலைந்துவிடுகிறது.

திருகை விற்பவரே வகுப்பையும் நடத்துமிடத்தில், எந்த நோயாளிக்குத் திருகே வேண்டாம் என்ற வினா எழுவது அரிது. திருகின் உயரமும் கம்பியில் பொருத்திய கொக்கியின் நீளமும் சேர்ந்தே விசையின் பாதையை நிர்ணயிக்கின்றன என்பதும், அப்பாதை பிழைத்தால் முன்பற்கள் வேரோடு நகராமல் சாய்ந்துவிடும் என்பதும், ஊன்றும் சாமர்த்தியத்துக்கு நிகரான அவகாசம் பெற வேண்டிய பாடங்கள். அவை பெரும்பாலும் கடைசி மணி நேரத்துக்கு ஒதுக்கப்படுகின்றன.

ஆகவே, பயின்றவர் ஆறு மாதம் சென்றபின், தாம் ஊன்றியவற்றில் நின்றவற்றையும் கழன்றவற்றையும் எக்ஸ்ரே படங்களோடு ஆசிரியர் முன் வைத்து விவாதித்த பிறகே சான்றிதழ் பெறவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதுவரை ஊன்றும் ஒவ்வொரு திருகுக்கும் பழகிய மூத்தவர் ஒருவர் அருகில் நிற்பதும், தம் வைத்தியர் இன்னும் பயின்றுவருகிறார் என்பதை நாற்காலியில் சாய்ந்திருப்பவர் அறிந்து சம்மதித்திருப்பதும் அவசியம்.