பொதுநலவாயம் என்ற சாட்டு

பிரித்தானியா ஐரோப்பாவோடு ஒட்டாமல் போனதற்குச் சாம்ராச்சிய ஏக்கமே காரணம் என்ற விளக்கம் நம்மவர் கட்டுரைகளில் அலுக்க அலுக்க வருகிறது. முற்றாகத் தவறென்று சொல்லமாட்டேன். 1955 யூனில், நான் வேலை செய்யும் பிரான்காச்சோவைக் கடந்து செல்லும் ரயில்பாதையின் மறுமுனையான மெசினாவில், ஆறு நாடுகள் கூடிப் பொதுச்சந்தைக்கு அடியெடுத்தபோது இலண்டனிலிருந்து எவரும் வரவில்லை. பின்னர் பிரசெல்ஸ் குழுவுக்கு ஓர் அதிகாரியை அனுப்பி, நவம்பரில் அவரையும் விலக்கிக்கொண்டார்கள்.

ஆனால், எதன்மீது ஏக்கம்? 1962 ஒக்டோபரில் தொழிற்கட்சித் தலைவர் கெயிற்ஸ்கெல், ஐரோப்பியக் கூட்டாட்சிக்குள் போவது ஆயிரமாண்டு வரலாற்றின் முடிவு என்றார். பொதுநலவாயத்தைக் கைவிடலாகாது என்றார். பொதுநலவாயக் குடியேறிகளைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது மூன்றே மாதம். (அவர் கட்சி அதை எதிர்த்தது உண்மை. 1964இல் ஆட்சிக்கு வந்து, மறு ஆண்டே இன்னும் இறுக்கியதும் அதே கட்சிதான்.) 1971 பேச்சுவார்த்தையில் நியூசிலாந்து வெண்ணெய்க்கும் கரிபியன் சீனிக்கும் சலுகை கேட்டு வாதாடினார்கள். மனிதருக்காக வாதாடவில்லை. 1973 ஜனவரி 1இல் பிரித்தானியா பொதுச்சந்தைக்குள் நுழைந்தது. அதே நாளில் 1971இன் குடிவரவுச் சட்டமும் அமுலுக்கு வந்தது. சிசிலியத் தொழிலாளி இலண்டனுக்கு வேலை தேடிப் போகலாம். பருத்தித்துறை ஆசிரியர், தாயோ தந்தையோ பிரித்தானியாவில் பிறந்திராவிட்டால், உரிமையோடு போகமுடியாது.

ஈனொக் பவலை இந்த 'ஏக்க'த்துக்குள் எங்கே வைப்பது? 1968இல் கறுப்பு, ஆசியக் குடியேறிகளுக்கெதிராகப் பர்மிங்காமில் பேசியவர் அவர். பொதுச்சந்தையையும் எதிர்த்தார், பொதுநலவாயத்தையும் ஏளனம் செய்தார்.

2016 யூன் 23 வாக்கெடுப்பு இன்னும் விசித்திரம். எங்கள் ஆலையில் என்னோடு நின்ற ஒருவர் இத்தாலியப் பிரஜையாகி, இலங்கைக் குடியுரிமை போய், இலண்டனில் குடியேறியிருந்தார். அவருக்கு வாக்கில்லை. அங்கே அகதியாக இருந்த அவரது மச்சான், எந்த அரசுக்குப் பயந்து ஓடினாரோ அந்த நாட்டின் பிரஜையாக, பொதுநலவாயக் குடியாக, வாக்களித்தார். ஐரோப்பியர் குறைந்தால் தெற்காசியருக்குக் கதவு திறக்கும் என்று விலகல் பக்கத்தவர் சிலர் சொன்னதை அவரும் நம்பினார். கதவு கொஞ்சம் திறந்தது. 2022இல் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டாருக்கு விசா கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் அவர்கள் மனைவி பிள்ளைகளைக் கூட்டிவருவதைத் தடுத்தார்கள். 2025 யூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆளெடுப்பதையே நிறுத்தினார்கள்.